மூக்கிலே இரத்தம், வாயிலே பூட்டு

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை. விடுதி உணவுக்கூடத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தட்டில் இருந்த சப்பாத்தியின்மேல் சொட்டென்று ஒரு துளி இரத்தம் விழுந்தது. நான் கைக்குட்டையை எடுப்பதற்குள் மேலும் நாலைந்து துளிகள் விழுந்துவிட்டன. எதிரே இருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். பக்கத்தில் இருந்த நம் மன்றத்து நண்பர் ஒருவர் போகவில்லை. ஓடி வந்து என் தலையைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்த்தார். உச்சந்தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். தில்லியின் மார்கழிக் குளிரில்!

"சூடு தம்பி, எல்லாம் உடம்புச் சூடு. சில்லுமூக்கு உடைஞ்சிருக்கு. ராத்திரியெல்லாம் கண் விழிச்சுப் படிக்காதேன்னா கேட்கிறாயா?" என்றார்.

அண்ணாந்திருந்த தொண்டை வழியே இரத்தம் வயிற்றுக்குள் இறங்கிற்று. அரை மணி நேரத்தில் அவ்வளவும் வாந்தியாக வெளியே வந்தது. அதைக் கண்ட நண்பர், நான் பிழைப்பேனோ மாட்டேனோ என்று நடுங்கிப் போனார். அவருடைய அன்பில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. அவர் செய்த வைத்தியந்தான் தவறு. அவர் சொன்ன 'சூடு' என்னும் சொல்லோ அதைவிடப் பெரிய தவறு. அந்த ஒரு சொல் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்குள்ள நோய்க்கு மருத்துவ உலகில் ஆஸ்லர்–வெபர்–ரெண்டு நோய் என்று பெயர். எச்.எச்.டி. என்று சுருக்கமாகவும் சொல்வார்கள். பரம்பரையாக வருவது, இரத்தம் கசிவது, நுண்ணிய நாளங்கள் விரிந்து போவது. இந்த மூன்றும் அந்தச் சுருக்கத்துக்குள் அடங்கும். பிரான்சு நாட்டு ரெண்டு என்பவர் 1896ஆம் ஆண்டிலேயே, இது இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் அன்று, வேறொன்று என்று பிரித்துக் காட்டினார். பிறகு 1901இல் ஆஸ்லரும் 1907இல் வெபரும் இதை விரித்து எழுதினார்கள். இன்றைய பெயரை 1909இல் ஹேன்ஸ் என்பவர் வைத்தார். ஆக, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அறிந்த நோய் இது. எங்கள் வீட்டுக்குத்தான் தெரியாது.

இந்நோய் எப்படி வருகிறது? தஞ்சை மாவட்டத்துக்காரனாகிய எனக்கு ஆற்றுப் பாசனத்தை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். ஆற்றில் வேகமாக வரும் நீர் வாய்க்காலில் பிரிந்து, பின்னும் கன்னிவாய்க்காலில் பிரிந்து, வேகம் தணிந்து வயலில் பரவுகிறது. பிறகே வடிகாலுக்குப் போகிறது. உடம்பிலும் அப்படியே. தமனியில் அழுத்தத்தோடு வரும் இரத்தம், தந்துகி என்னும் மயிரிழை போன்ற நாளங்களில் பரவி, வேகம் அடங்கிச் சிரைக்குப் போகிறது. இந்நோய் உள்ளவர்களுக்குச் சிற்சில இடங்களில் அந்தத் தந்துகிகள் இருப்பதில்லை. ஆற்று வெள்ளம் நேரே வடிகாலில் பாய்ந்தால் வடிகாலின் கரை தாங்குமா? மெல்லிய சிரை உப்புகிறது; சிறிது உராய்ந்தாலும், காற்று வறண்டாலும் உடைகிறது. மூக்கின் உட்புறத் தோல் மிக மெல்லியது. ஆகையால் முதலில் உடைவது அங்கேதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரத்தத்தில் யாதொரு குறையும் கிடையாது. உறைய வேண்டிய நேரத்தில் அது உறையும். குழாயில்தான் பழுது. பள்ளி நாட்களில் எங்கள் ஊர்ப்பக்கத்து மருத்துவர் ஒருவர் என் இரத்தத்தை மும்முறை சோதித்தார். உறையும் நேரம் சரி, தட்டணுக்கள் சரி என்று மூன்று முறையும் முடிவு வந்தது. 'ஒன்றுமில்லை' என்று சொல்லி மூக்கின் உள்ளே சுட்டு அனுப்பிவிட்டார். ஒரு முறையாவது, 'வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி வருமா?' என்று அவர் கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

சொல்வதற்கு எங்களிடம் நிறையவே இருந்தது. என் அப்பாயிக்கு மூக்கில் இரத்தம் வரும். அவருடைய உதட்டிலும் நாக்கிலும் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. நாள் முழுதும் வெற்றிலை மென்ற வாய்; அதிலுள்ள சிவப்புக்கு யார் காரணம் தேடுவார்கள்? என் பெரியப்பாவுக்கும் இரத்தம் வரும். நாற்பத்திரண்டாம் வயதில், வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோதே அவருக்கு வலக்கை விழுந்தது; பேச்சும் போயிற்று. பாரிசவாயு என்றார்கள். ஓர் ஆண்டில் இறந்தார். என் தந்தையின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும், இரண்டும் கருநீலம். கருநீலத்தில் கறை தெரியாது. நானும் இன்று அதே நிறந்தான் வாங்குகிறேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒரே விளக்கம், சூடு. அதற்கு எண்ணெய்க் குளியல், இளநீர், வெங்காயத்தை நசுக்கி முகர்தல். நல்ல பொருள்கள்தாம், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சொல் வந்து உட்கார்ந்த பிறகு வேறு கேள்விக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. சூடு என்றால் அது அவரவர் தின்றதாலும் அலைந்ததாலும் வந்தது. பரம்பரை என்றால் அது எல்லோருக்கும் உரியது. எங்கள் வீட்டுக்கு முதல் விளக்கமே சௌகரியமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குமுன் நான் இந்நகருக்குப் படிக்க வந்தேன். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் இங்கே ஏது? குளிர்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் காற்று. வைகாசியில் 'லூ' என்னும் அனற்காற்று. வாரத்துக்கு ஒன்றாக இருந்த இரத்தப்போக்கு நாளுக்கு இரண்டாயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோதித்தபோது இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு கிராமுக்குச் சற்றே மேல். அப்போது ஒரு பெண் டாக்டர்தான் என் உதட்டை மடக்கிப் பார்த்தார், விரல் நுனிகளைப் பார்த்தார், அதன்பின் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "உன் வீட்டில் வேறு யாருக்கு?"

நான் அப்பாயியிலிருந்து தொடங்கினேன்.

இந்நோயை அறிய நான்கு அடையாளங்கள் உண்டு. குரசாவோ அளவுகோல்கள் என்னும் பெயரில் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தவை. காரணமின்றி அடிக்கடி மூக்கில் இரத்தம் வருதல். உதடு, வாய், விரல், மூக்கு இவற்றில் சிவப்புப் புள்ளிகள். நுரையீரல், மூளை, கல்லீரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளில் பழுதான நாளங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய். நான்கில் மூன்று இருந்தால் நோய் உறுதி. இரண்டு இருந்தால் ஐயம். நான்கில் ஒன்று குடும்பத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். குடும்பம் வாயைத் திறக்காவிட்டால் மருத்துவருக்கு ஒரு கண் குருடு.

உள்ளுறுப்புகளைச் சொன்னேன் அல்லவா? ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நுரையீரல் நமக்கு மூச்சு விட மட்டும் உள்ளதன்று. அஃது ஒரு வடிகட்டியும்கூட. சிரை வழியே வரும் சிறு இரத்தக்கட்டிகளும் கிருமிகளும் அதன் தந்துகிகளில் சிக்கி நின்றுவிடும். அங்கே தந்துகி இல்லாமல் நேர்வழி இருந்தால், அவை நேரே மூளைக்குப் போகலாம். பக்கவாதமும் மூளையில் சீழ்க்கட்டியும் வருவது இப்படித்தான். என் பெரியப்பாவின் வலக்கை விழுந்ததற்கு இதுதான் காரணமா? அவரை யாரும் சோதிக்கவில்லை. இனிச் சோதிக்கவும் முடியாது.

இவ்வளவும் சொன்ன டாக்டர், "உன் தந்தையும் உடன்பிறந்தாரும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும்" என்றார். அன்றிரவே அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எனக்கு ஒரே அக்கா. அப்போது அவளுக்குத் திருமணமாகி எட்டு மாதம்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நீ உன் உடம்பைப் பார்த்துக்கோ. அக்காவை இதிலே இழுக்காதே. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, தெரிஞ்சே மறைச்சுக் கட்டிக் கொடுத்தோம்னு சொல்ல மாட்டாங்களா? அவளுக்கு எப்பவோ சின்ன வயசிலே வந்தது. இப்போ நல்லாத்தானே இருக்கா?" என்றார்.

நான் கீழ்ப்படிந்தேன். ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து மாதத்துக்கும் நான்தான் பொறுப்பு, அம்மா அல்லர். டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவன் நான்.

அதன்பின் ஒரு நாள் அக்கா பேசினாள். நான்காம் மாதம் என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். "மாடி ஏறினா மூச்சு வாங்குதுடா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொல்றாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நுரையீரலில் இத்தகைய பழுது இருந்தால், கருவுற்ற காலத்தில் அது பெரிதாகி உடைந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நான் முன்பே அறிந்திருந்தேன். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. அன்றிரவே அத்தானிடம் தானே சொன்னாள். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று அத்தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். அவருடைய தாயார் பத்து நாள் எங்கள் அம்மாவோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அத்தான்தான் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். குமிழிகள் கலந்த உப்புநீரைக் கையிலுள்ள சிரையில் செலுத்தி, அவை இதயத்தின் இடப்புறத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தார்கள். வந்தன. பிறகு குறைந்த கதிர்வீச்சில் ஸ்கேன் எடுத்ததில் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு நேர்வழி தெரிந்தது. ஐந்தாம் மாதத்தில், தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகச் சுருளை வைத்து அதை அடைத்தார்கள். கத்தி வைக்கவில்லை. இன்று அக்காவின் மகளுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. பாட்டிகள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

என் தாயாரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. அவர் உலகம் அறியாதவர் அல்லர். என்னைவிட நன்றாகவே அறிந்தவர். எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், அவள் தம்பிக்கு வலிப்பு உண்டு என்று கேள்விப்பட்டதும், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதை அவர் கண்ணால் கண்டவர். அவர் அஞ்சியது நோய்க்கன்று. எழுந்து போன அந்த மனிதர்களுக்கு. நண்பர்களே, அந்த மனிதர்கள் யார்? இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் பாய் விரித்த கூடத்தில் காப்பியை வாங்கிக்கொண்டு உட்காரப் போகிறவர்கள் யார்? நாமேதான். மறைக்கிறார்கள், மறைக்கிறார்கள் என்று பெரியவர்களைக் குறை சொல்கிறோம். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு நாம் என்ன கூலி கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

'தெரிந்தே நோயுள்ள குடும்பத்தில் சம்பந்தம் செய்யச் சொல்கிறாயா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் எதை மறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டிப் போடும் பூவா தலையா அது. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வராத பிள்ளை தன் மக்களுக்குக் கொடுப்பதும் இல்லை. வந்தவர்களிலும் ஒரே வீட்டில் ஒருவருக்கு வெறும் மூக்கோடு நிற்கும். ஒருவருக்கு உள்ளே போகும். முன்கூட்டியே சோதித்து, அடைக்க வேண்டியதை அடைத்து, இரும்புச்சத்தைக் கவனித்து வந்தால் படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம், முதுமை காணலாம். சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தில்தான் பெண்ணெடுப்பேன் என்று ஒருவர் புறப்பட்டால், அவர் ஊர் ஊராக நடந்து களைத்துப் போவார். அதற்கு இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் ஏன்?

எல்லோரிடமும் பறை சாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய நோய் தெருப்பேச்சு ஆக வேண்டியதில்லை. ஆயினும் மூவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் துணிபு. முதலாவது, அதே இரத்தம் உடைய உறவினர். ஏனென்றால் அவர்களுடைய உயிரும் அதில் இருக்கிறது. இரண்டாவது, வாழ்க்கைத் துணையாக வரப்போகிறவர். அதுவும் தாலிக்கு முன்பு. மூன்றாவது, மருத்துவர், பல் மருத்துவரும் உட்பட. நுரையீரலில் பழுதிருப்பவர்கள் பல் பிடுங்கும்முன் கிருமிக்கு எதிரான மருந்து உட்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் அவர் எப்படி அறிவார்?

உலகில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் என்பது பொதுவான கணக்கு. அது நம் நாட்டுக்கும் பொருந்துமானால், இலட்சக்கணக்கான பேருக்கு இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் சூடு என்ற சொல்லுக்கு அடியில் மறைந்து கிடக்கிறார்களோ! இதைப் படித்துவிட்டு, எப்போதோ ஒரு முறை மூக்கில் இரத்தம் கண்டவர்கள் எல்லாம் கலங்க வேண்டாம். மூக்கில் இரத்தம் வருவோரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் கிடையாது. அடிக்கடி வருகிறதா, வீட்டில் இன்னொருவருக்கும் வருகிறதா, உதட்டில் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் போங்கள். போகும்போது குடும்பக் கதையையும் கொண்டு போங்கள்.

என் நிலையைக் கேட்கிறீர்களா? நோய் போகவில்லை, போகாது. மூளை ஸ்கேனில் பழுதில்லை. நாளுக்கு இருமுறை மூக்கில் உப்புநீர் தெளிக்கிறேன். ஹீட்டர் அருகில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறேன். தேவையில்லாமல் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளைத் தொடுவதில்லை. இரும்புச்சத்தைச் சிரை வழியாக ஏற்றியபின் மாடி ஏற முடிகிறது. தலையணை உறை மட்டும் இன்னும் கருநீலந்தான். அப்பாவும் இப்போது சோதித்துக்கொண்டார். எழுபது கல் பயணம் செய்து, முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தார்.

இனி, நம் மன்றத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உணவுக்கூடத்திலோ நூலகத்திலோ என்னைப் போன்ற ஒருவனைக் கண்டால் தலையைப் பின்னுக்குச் சாய்க்காதீர்கள். நிமிர்த்து உட்கார வைத்துச் சற்றே முன்னால் குனியச் சொல்லுங்கள். எலும்புக்குக் கீழே மூக்கின் மெல்லிய பகுதியை இரு விரலால் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், இடையிலே விட்டுவிட்டுப் பார்க்காமல் பிடிக்க வேண்டும். வாய்க்கு வரும் இரத்தத்தை விழுங்காமல் துப்பட்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மார்கழியில் செம்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஓடி வந்து என் தலையில் தண்ணீர் ஊற்றிய நண்பர் இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகும்முன் படித்தார். படித்து முடித்துச் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "என் சித்திக்கு உதட்டிலே அப்படிப் புள்ளி உண்டு. இன்றைக்கே ஊருக்குப் பேசுகிறேன்" என்றார்.